இருவேறு மதிப்பெண்கள்: 16-பிட் கால விளையாட்டுகளின் மறுமதிப்பீடு

வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் 1980களின் இறுதி தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரையிலான ஆண்டுகள் 16-பிட் காலம் எனப்படுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கணினிக்குக் கன்சோல் என்று பெயர். அதன் மையச் செயலி ஒரு வீச்சில் கையாளும் தரவின் அகலம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. ஜப்பானில் 1988 அக்டோபரில் செகா நிறுவனம் வெளியிட்ட மெகா டிரைவும், 1990 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஃபாமிகாமும் இக்காலத்தின் முதன்மைக் கருவிகளாகும். வட அமெரிக்காவில் முன்னது ஜெனிசிஸ் என்ற பெயரிலும், பின்னது சூப்பர் நின்டெண்டோ என்ற பெயரிலும் விற்கப்பட்டன. நின்டெண்டோவின் கன்சோல் உலகெங்கும் 4 கோடியே 91 லட்சம் விற்றது. செகாவினது 3 கோடியைத் தாண்டியது. இவற்றின் புகழ்பெற்ற விளையாட்டுகள் 2017இல் நின்டெண்டோவும் 2019இல் செகாவும் வெளியிட்ட சிற்றுருக் கன்சோல்கள் வழியாக மீண்டும் விற்பனைக்கு வந்ததால், அவற்றை அக்காலத்தில் விளையாடாத ஒரு தலைமுறையும் இன்று அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இருக்கிறது.

அத்தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குச் சுவை வேறுபாடு மட்டும் காரணமன்று. 1994இல் ஒரு விளையாட்டுக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் இன்று கிடைக்கும் மதிப்பெண்ணும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே எண்ணால் எழுதப்படுகின்றன. ஒரு விளையாட்டு தன் கருவியின் எல்லைக்குள் எதைச் சாதித்தது என்பது ஒரு கேள்வி. அதன் விதிகள் எந்தச் சலுகையும் கோராமல் இன்றைய ஆட்டக்காரரைப் பிடித்து நிறுத்துகின்றனவா என்பது மற்றொன்று. முதலாவதற்குரிய விடையை வரலாற்று மதிப்பு என்றும், இரண்டாவதற்குரியதை ஆட்ட மதிப்பு என்றும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இட்டாலன்றி மறுமதிப்பீடு நேர்மையாக அமையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவிகளின் எல்லை

வரலாற்று மதிப்பைக் கணிக்கக் கருவியின் திறன் தெரிந்திருக்க வேண்டும். மெகா டிரைவின் மையச் செயலி மோட்டோரோலா 68000. அது நொடிக்கு ஏறத்தாழ 76 லட்சம் துடிப்புகளில், அதாவது 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. சூப்பர் ஃபாமிகாமின் செயலி 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. இரு செயலிகளின் உள்ளமைப்பும் வேறு என்பதால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழையாகும். எனினும் திரையில் பல பொருள்கள் ஒருங்கே விரைந்து நகரும் விளையாட்டுகள் செகாவின் கருவியில் எளிதாகவும், நின்டெண்டோவின் கருவியில் தடுமாற்றத்தோடும் ஓடியதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். நிறத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து 64ஐ மட்டும் ஒரே நேரத்தில் காட்ட, சூப்பர் ஃபாமிகாம் 32,768 நிறங்களிலிருந்து 256ஐக் காட்டியது. ஒலியிலோ இரண்டும் வெவ்வேறு வழியில் சென்றன. அலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒலியை உருவாக்கும் யமாஹா சில்லு மெகா டிரைவில் இருந்தது. பதிவு செய்த ஒலித்துணுக்குகளை எட்டுத் தடங்களில் இசைக்கும் சோனி சில்லு சூப்பர் ஃபாமிகாமில் இருந்தது. பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குதராகி வடிவமைத்தது அது.

விளையாட்டு எழுதப்பட்டிருந்த கார்ட்ரிட்ஜின் கொள்ளளவும் ஓர் எல்லையாகும். 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்ட் முழுவதும் 4 மெகாபிட்டில், அதாவது இன்றைய கணக்கில் அரை மெகாபைட்டில் அடங்கியது. 1995இல் வந்த கிரோனோ டிரிகருக்கு 32 மெகாபிட் தேவைப்பட்டது. நினைவகச் சில்லுகள் விலையுயர்ந்தவை என்பதால் கிரோனோ டிரிகர் ஜப்பானில் 11,400 யென்னுக்கு விற்கப்பட்டது. அக்கால விமர்சகர் ஒருவர் ஒரு விளையாட்டு எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று கேட்டதற்குப் பின்னால் இந்த விலை இருந்தது.

அக்கால மதிப்பெண் எதை அளந்தது

1986இல் தொடங்கிய ஜப்பானிய இதழான ஃபாமிட்சு, நான்கு விமர்சகர்கள் தலைக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மதிப்பெண் தரும் முறையை வளர்த்தது. 1991 நவம்பரில் வெளியான 'த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: எ லிங்க் டு த பாஸ்ட்' அதில் 39 பெற்றது, முழு நாற்பதை எந்த விளையாட்டும் 1998 வரை பெறவில்லை. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லியும் நால்வர் குழுவை அமர்த்தியது. பிரிட்டனின் மீன் மெஷீன்ஸ் இதழ் வரைகலை, ஒலி, ஆடும் இன்பம், நீடிக்கும் தன்மை எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மதிப்பெண் இட்டு, இறுதியில் ஒட்டுமொத்த எண் ஒன்றையும் தந்தது. நின்டெண்டோ பவர் என்ற அமெரிக்க இதழோ நின்டெண்டோவே 1988 முதல் நடத்தியது என்பதால், அதன் பாராட்டை விளம்பரத்திலிருந்து பிரித்தறிவது கடினம்.

இவ்விதழ்கள் முதன்மையாக வாங்குவோர் வழிகாட்டிகளாகவே இயங்கின. சென்ற மாதம் வந்ததைவிட இம்மாதம் வந்தது எவ்வகையில் புதியது என்பதே வாசகருக்குத் தேவைப்பட்ட செய்தி. மீன் மெஷீன்ஸ் போன்றவற்றில் வரைகலைக்கும் ஒலிக்கும் தனித் தலைப்பில் மதிப்பெண் தரப்பட்டதால் காட்சிப் பகட்டு இருமுறை கணக்கில் ஏறியது. தனித் தலைப்பில் ஒருமுறை, ஒட்டுமொத்த எண்ணில் மறுமுறை. மாறாக, பல நாள் விளையாடினால் மட்டுமே தெரியவரும் குறைகள் கண்ணில் படவில்லை. 1994இல் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி 6 இதற்குச் சான்று. எதிரியின் அடியிலிருந்து தப்பும் வாய்ப்பைக் கூட்டுவதாக அவ்விளையாட்டின் திரையில் காட்டப்படும் எண், நிரலில் இருந்த பிழையால் எவ்வேலையும் செய்யவில்லை; உடலடி, மந்திர அடி இரண்டிலிருந்தும் காத்தது வேறோர் எண்ணே. விளையாட்டின் நிரலைப் பின்னாளில் ஆர்வலர்கள் பிரித்துப் பார்த்த பிறகே இது பரவலாக அறியப்பட்டது.

எந்தப் பதிப்பு, எந்தத் திரை

மறுமதிப்பீட்டில் பெரும்பாலும் புறக்கணிக்கப்படும் கேள்வி, மதிப்பிடப்படும் பொருள் எது என்பதாகும். ஐரோப்பாவின் தொலைக்காட்சிகள் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்க, ஜப்பான், வட அமெரிக்கத் தொலைக்காட்சிகள் 60 முறை புதுப்பித்தன. விளையாட்டின் கடிகாரம் இந்தப் புதுப்பித்தலோடு கட்டப்பட்டிருந்ததால், திருத்தி அமைக்கப்படாத விளையாட்டுகள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. வேகத்தையே தன் அடையாளமாகக் கொண்ட சோனிக் த ஹெட்ஜ்ஹாக்கும் 1991இல் ஐரோப்பியச் சிறுவர்களின் கைக்கு இப்படி மெதுவாகவே வந்து சேர்ந்தது. கிரோனோ டிரிகரும் ஃபைனல் ஃபேன்டஸி 6உம் எர்த்பவுண்டும் அக்காலத்தில் ஐரோப்பாவில் வெளியாகவேயில்லை. ஆகவே அங்கு எழுதப்பட்ட அக்காலத் தரவரிசைகளில் அவை பெரும்பாலும் இடம்பெறாததை அவற்றின் தரத்துக்கான சான்றாகக் கொள்ள இயலாது.

நாட்டுக்கு நாடு விதிகளும் மாறின. கொனாமியின் கான்ட்ரா: ஹார்ட் கோர் 1994இல் ஜப்பானில் வெளியானபோது ஆட்டக்காரரின் ஓர் உயிர் மூன்று அடிகளைத் தாங்கியது. அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் அவ்வுயிர் போனது. தொடர்ந்து ஆடுவதற்கான வாய்ப்புகளும் எண்ணிக்கைக்குள் அடக்கப்பட்டன. ஈவிரக்கமற்ற கடினம் என்று ஒரு விமர்சகரும், சிறப்பாக அளந்து அமைத்த ஆட்டம் என்று மற்றொருவரும் எழுதினால், இருவரும் சரியாகவே எழுதியிருக்கக்கூடும்.

திரையின் தன்மையும் பொருட்படுத்தத்தக்கது. சோனிக்கின் முதல் நிலையிலுள்ள அருவி, இடைவிட்டு வரையப்பட்ட செங்குத்துக் கோடுகளால் ஆனது. பழைய குழாய்த் தொலைக்காட்சிக்குச் சாதாரணக் கம்பி வழியாகச் சென்ற படத்தில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி, பின்னணி தெரியும் நீராகத் தோன்றின. கூர்மையான இன்றைய திரையில் அவை வெறும் கோடுகளாகவே நிற்கின்றன. அதைக் கண்டு வரைகலை மட்டமானது என்று எழுதும் விமர்சகர், ஓவியர் வரைந்ததன்றி வேறொன்றை மதிப்பிடுகிறார். பழைய கருவியைப் புதிய கணினியில் நடித்துக்காட்டும் மென்பொருளான எமுலேட்டர் வழியாக ஆடுவோருக்கு, எந்தக் கணத்திலும் ஆட்டத்தைச் சேமிக்கவும் பின்னோக்கிச் செல்லவும் வசதி கிடைக்கிறது. அவ்வசதியோடு கேப்காமின் சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸை முடிப்பவர், முழு விளையாட்டையும் இருமுறை கடக்கச் சொல்லும் அதன் கொடுமையையும், கடந்தபின் வரும் நிறைவையும் ஒருங்கே இழக்கிறார்.

ஒரே ஆண்டு, எதிரெதிர்த் திசை

1994இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த இரண்டு விளையாட்டுகளின் பின்வரலாறு, மதிப்பெண் எவ்வாறு இடம் மாறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. மார்ச்சில் வெளியான சூப்பர் மெட்ராய்ட் உலக அளவில் ஏறத்தாழ 14 லட்சம் பிரதிகள் விற்றது. நவம்பரில் வெளியான டான்கி காங் கன்ட்ரி 93 லட்சம் விற்றது. பிரிட்டனின் ரேர் நிறுவனம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் பணிநிலையங்களில் முப்பரிமாண உருவங்களைச் செய்து, அவற்றைச் சிறு தட்டைப் படங்களாக மாற்றி அவ்விளையாட்டில் பதித்தது. 16-பிட் கருவியில் இத்தகைய காட்சி இயலுமென்று எவரும் எதிர்பார்த்திராத வேளையில் அது ஏற்படுத்திய வியப்பு போலியானதன்று. 64 கிலோபைட் ஒலி நினைவகத்துக்குள் டேவிட் வைஸ் அமைத்த நீரடி இசை இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் உருவங்கள் பெரியவை என்பதால் ஆட்டக்காரர் முன்னால் பார்க்கும் தூரம் குறுகுகிறது. மறைவான பரிசு அறைகள் பல, எவ்விதக் குறிப்பும் தராத சுவர்களுக்குப் பின்னால் இருக்கின்றன. முப்பரிமாணப் பளபளப்பு எங்கும் கிடைக்கும் இக்காலத்தில், எஞ்சி நிற்பது திறமான, ஆனால் நுட்பம் குறைந்த ஒரு தாவல் விளையாட்டே. வரலாற்று மதிப்பு 9, ஆட்ட மதிப்பு 6 என்பது அதற்குத் தகும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகம் நிலைகளின் அமைப்பில் இதனினும் மேம்பட்டது.

யோஷியோ சகமோட்டோ இயக்கிய சூப்பர் மெட்ராய்ட் எதிர்த்திசையில் பயணித்தது. எழுத்தால் கற்பிக்காமல் இடத்தால் கற்பிப்பது அதன் முறை. ஆட்டக்காரர் ஆழ்குழி ஒன்றில் சிக்கிய பிறகு, சுவரில் உதைத்து மேலேறும் வித்தையை அங்குள்ள சிறு விலங்குகள் செய்து காட்டுகின்றன. வேகமெடுத்து வானோக்கிப் பாயும் வித்தையை இன்னோரிடத்தில் ஒரு பறவை செய்து காட்டுகிறது. விளையாட்டின் தொடக்கத்தில் ஆளரவமற்றுக் கிடக்கும் நிலத்தடி அறைகள், உடலைப் பந்தாகச் சுருட்டும் கருவியும் ஏவுகணைகளும் கைக்கு வந்ததும் விழித்துக்கொண்டு எதிரிகளை அனுப்புகின்றன. வந்த வழியே திரும்புவதும் புதிய அனுபவமாகிறது. இவற்றை ஒரு பிற்பகலில் அளந்துவிட முடியாது. எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி 2002இன் தொடக்கத்தில் தன் 150ஆம் இதழில் வெளியிட்ட எக்காலத்துக்குமான பட்டியலில் இவ்விளையாட்டுக்கு முதலிடம் தந்தது. 2017இல் வந்த ஹாலோ நைட் போன்ற விளையாட்டுகள் இதன் அமைப்பையே தம் அடித்தளமாகக் கொண்டன. வரலாற்று மதிப்பு 9, ஆட்ட மதிப்பு 10.

காட்சி வியப்பு தேய்வதற்கு மேலும் இரு சான்றுகள் உண்டு. ஒரு தட்டையான படத்தைச் சுழற்றியும் பெரிதாக்கியும் தரைபோலக் காட்டும் 'மோட் 7' என்ற வசதியின் மேல் கட்டப்பட்டது 1990இன் எஃப்-ஸீரோ. தரையில் மேடுபள்ளம் இல்லை, இருவர் ஆடவும் வழியில்லை. எனினும் திருப்பத்தில் வண்டியைக் கையாளும் உணர்வு துல்லியமானது என்பதால் வரலாற்றில் 8, ஆட்டத்தில் 7 என்ற மதிப்பெண்கள் அதற்குப் பொருந்தும். கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற துணைச் சில்லைப் பொருத்தி, 1993இல் முப்பரிமாண விண்போரைக் காட்டியது ஸ்டார் ஃபாக்ஸ். நொடிக்கு 20 படங்களைத் தாண்டாத அதன் ஓட்டம் இன்று குறிபார்ப்பதையே சிரமமாக்குகிறது. சாதனையில் 10, ஆட்டத்தில் 5 என்று அதற்கு இடும்போதுதான், இரண்டையும் சேர்த்துச் சராசரி காண்பது எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும்.

மறுக்கப்பட்டதும் மிகைப்பட்டதும்

ஷிகெசாதோ இடோய் எழுதி இயக்கிய எர்த்பவுண்ட் 1995இல் அமெரிக்காவில் வெளியானபோது, முகர்ந்து பார்க்கும் துர்நாற்ற அட்டைகளோடு விளம்பரம் செய்யப்பட்டுத் தோல்வி கண்டது. டான்கி காங் கன்ட்ரியைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதன் எளிய கோட்டோவியங்கள் பழையனவாகத் தெரிந்தன. அதன் விதிகளோ காலத்தை முந்தியவை. அடி விழுந்ததும் உயிர்ப்புள்ளிகள் உடனே குறையாமல், வண்டியின் தூர அளவி போல மெல்லச் சுழன்று இறங்குவதால், சாவடி வாங்கியவரும் எண் பூச்சியத்தை எட்டுமுன் போரை முடித்துப் பிழைக்கலாம். வலுவற்ற எதிரிகள் ஆட்டக்காரரைக் கண்டு ஓடுகின்றன. சிலவற்றைப் போர்த்திரைக்கே செல்லாமல் வென்றுவிடலாம். ஆளுக்குப் பதினான்கு பொருள்களுக்கு மேல் சுமக்க முடியாத நெருக்கடி மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது. 2015இன் அண்டர்டேல் இதன் வழிவந்தது என்பதையும் கருதினால் 7, 8 என்று மதிப்பிடலாம்.

சோனிக்கின் நிலை சிக்கலானது. யூஜி நாகாவின் நிரலில் சரிவும் வேகமும் இணைந்து இயங்கிய விதம் அதுவரை தாவல் விளையாட்டுகளில் காணாதது. கன்சோலோடு சேர்த்தே வழங்கப்பட்டதால் அமெரிக்கச் சந்தையில் செகாவை நிலைநிறுத்தியதும் அதுவே. ஆயினும் முதல் நிலையைத் தாண்டியதும், பளிங்கு இடிபாடுகளிலும் நீர் நிறைந்த சுரங்கத்திலும் காத்து நின்று காத்து நின்று நகர வேண்டியிருப்பதால், விளையாட்டு தன் சொந்த வாக்குறுதிக்கு எதிராகச் செல்கிறது. 9, 7 என்பதே அதற்கு உரியது. 1993இன் மார்ட்டல் காம்பாட்டுக்கு நிலைமை இன்னும் கடினம். நின்டெண்டோ பதிப்பில் குருதிக்குப் பதிலாகச் சாம்பல் நிற வியர்வை தெறித்தது. செகா பதிப்பில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் குருதி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடந்து, 1994இல் வயதுத் தரக்குறியீட்டு வாரியம் அமைந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வரலாற்றில் அது 9 பெறத்தக்கதாயினும், அதன் சண்டை விதிகள் ஆட்டத்தில் 4க்கு மேல் பெறத் தகுதியற்றவை.

அதற்கு மாறாக, 1992இல் 16 மெகாபிட் கார்ட்ரிட்ஜில் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் விதிகளில் இன்றைய சண்டை விளையாட்டுகளின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. அதன் ஆறு தாக்குதல்களுக்கும் அக்கன்சோலின் ஆறு பொத்தான்கள் பொருந்தின. மூன்று பொத்தான்களே கொண்டிருந்த செகா, 1993இல் ஆறு பொத்தான் கைப்பிடியைத் தனியே வெளியிட நேர்ந்தது. 10, 8 அதன் மதிப்பெண்கள். கிரோனோ டிரிகரில் எதிரிகள் நிலத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறார்கள், போர் அங்கேயே நடக்கிறது. முடித்தவர் தன் வலிமையோடு மீண்டும் தொடங்கி வேறு முடிவுகளைத் தேடலாம். இருபது, முப்பது மணி நேரத்தில் வீண் நடையென்று எதுவும் இல்லாத அதற்கு 8, 10 பொருந்தும். ஃபைனல் ஃபேன்டஸி 6, நடுவழியில் உலகத்தையே அழித்துவிட்டு, சிதறிய பாத்திரங்களுள் பெரும்பாலோரை ஆட்டக்காரர் விரும்பிய வரிசையில் தேடவிடும் துணிவால் 9 பெற்று, சமன் குலைந்த போர் விதிகளால் ஆட்டத்தில் 8இல் நிற்கிறது.

முடிவுரை

மேலே இடப்பட்ட மதிப்பெண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. கருவியின் எல்லையை மீறிக் காட்டியவை வரலாற்றில் உயர்ந்து ஆட்டத்தில் தாழ்கின்றன. கருவியின் எல்லைக்குள் விதிகளைச் செதுக்கியவை ஆட்டத்தில் தாழாமல் நிற்கின்றன. இதனால் முன்னவை பிந்தையவற்றைவிடக் கீழானவை என்றாகாது. ஸ்டார் ஃபாக்ஸ் இல்லாமல் கன்சோல்களின் முப்பரிமாண வரலாற்றை எழுத முடியாது. அது ஆவணமாகப் போற்றத்தக்கது. சூப்பர் மெட்ராய்ட் இன்றும் ஆடத்தக்கது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு சட்டப்படி விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எது மறுவெளியீடு பெறும் என்பதை, சிறந்த நூறு என்ற வகைப் பட்டியல்களும் ஓரளவு முடிவுசெய்கின்றன. ஆட்ட மதிப்பை மட்டும் பார்க்கும் பட்டியல் சாதனைகளை மறதிக்குத் தள்ளும். ஏக்கத்தோடு வரலாற்று மதிப்பை மட்டும் பார்க்கும் பட்டியல் புதிய ஆட்டக்காரரை ஏமாற்றும். ஆகவே பழைய விளையாட்டுக்கு மதிப்பெண் இடுவோர் எந்த நாட்டுப் பதிப்பு, எந்தக் கருவி, எந்தத் திரை, எந்தச் சேமிப்பு வசதி என்பவற்றை முதலில் குறிப்பிட்டு, பின்னர் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எழுத வேண்டும். அவ்விரண்டையும் கூட்டிச் சராசரி காணக் கூடாது.